பழைய அமெரிக்க செய்தித்தாள் காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயாவி, மாண்ட்ரேக், ரிப் கெர்பி என்று தமிழ் மறுபதிப்புகளில் படித்த பல கதைகள் முதலில் அமெரிக்க நாளிதழ்களில் தினம் மூன்று நான்கு கட்டங்களாக வந்தவை. அந்த மூல வடிவத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தத் துறையில் "அந்தக் கதையைப் படித்துவிட்டேன்" என்பது பாதி உண்மைதான். எந்தப் பிரதியில், எந்த அளவில், எத்தனை கட்டங்களோடு படித்தீர்கள் என்பதுதான் மீதிப் பாதி.

ஸ்ட்ரிப் வேறு, காமிக்ஸ் புத்தகம் வேறா?

வேறுதான். ஸ்ட்ரிப் என்பது செய்தித்தாளின் ஒரு பகுதி. திங்கள் முதல் சனி வரை கறுப்பு வெள்ளையில் ஒற்றை வரிசையாக வரும், ஞாயிறன்று வண்ண இணைப்பில் பெரிதாக வரும். ஓவியர் வரைந்ததை சிண்டிகேட் என்னும் விநியோக நிறுவனம் பல நாளிதழ்களுக்கு விற்கும். கிங் ஃபீச்சர்ஸ், சிகாகோ ட்ரிப்யூன் சிண்டிகேட், என்.இ.ஏ., யுனைடெட் ஃபீச்சர் ஆகியவை அப்படிப்பட்டவை.

காமிக்ஸ் புத்தகம் பின்னால் வந்தது. 1934ல் 10 சென்ட் விலையில் கடைகளுக்கு வந்த 'ஃபேமஸ் ஃபன்னீஸ்', ஏற்கெனவே நாளிதழில் வந்த ஞாயிறு பக்கங்களைச் சுருக்கி அச்சிட்ட தொகுப்புதான். 1935ல் 'நியூ ஃபன்' புதிதாக வரையப்பட்ட கதைகளோடு வந்தது. 1938ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனை நாளிதழ் ஸ்ட்ரிப்பாக விற்கத்தான் அலைந்தார்கள், சிண்டிகேட்டுகள் வாங்கவில்லை. அன்றைய ஓவியனுக்கு ஸ்ட்ரிப்தான் கௌரவம், காமிக்ஸ் புத்தகம் வேறு வழியில்லாதபோது செய்யும் வேலை. கடைசியில் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

உலகின் முதல் ஸ்ட்ரிப் 'யெல்லோ கிட்' தானே?

இல்லை. முதலில் பெரிய அளவில் காசு பண்ணியது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜெனீவாவில் ரோடால்ஃப் டோப்ஃபெர் 1830களிலேயே படமும் எழுத்தும் சேர்ந்த கதைகளை வெளியிட்டிருந்தார். ஆர்.எஃப். அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் சட்டைப் பையன் 1895ல் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வரத் தொடங்கினான். 1896ல் போட்டி நாளிதழ் அதிபர் ஹெர்ஸ்ட் அவுட்கால்ட்டைத் தன் 'ஜர்னல்' பத்திரிகைக்கு இழுத்துக்கொண்டார். புலிட்சர் சும்மா இருக்கவில்லை, ஜார்ஜ் லக்ஸ் என்பவரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரைய வைத்தார். ஒரே நகரத்தில் ஒரே பாத்திரம் இரண்டு நாளிதழ்களில் ஓடியது. பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இந்தக் கலையோடு கூடவே பிறந்துவிட்டது.

யாரிடமிருந்து தொடங்குவது?

வரலாற்று வரிசையில் தொடங்க வேண்டாம். 1890களின் பக்கங்கள் நெரிசலானவை, அன்றைய நியூயார்க் அரசியல் தெரியாமல் அவற்றில் பாதி நகைச்சுவை புரியாது. கண்ணுக்குப் பிடித்த ஒரு கையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்வது நல்லது.

பக்கத்தையே ஒரு கட்டிடம் மாதிரி எழுப்புகிறவர் வேண்டுமென்றால் வின்சர் மெக்கே. 'லிட்டில் நெமோ' 1905 அக்டோபர் 15 அன்று 'நியூயார்க் ஹெரால்ட்' ஞாயிறு இணைப்பில் தொடங்கியது. 1908 ஜூலை 26 பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கட்டிலின் கால்கள் நீண்டு நீண்டு நகரத்தின் மேல் நடந்து போகும், அதற்கேற்பக் கட்டங்களும் உயரும். கதையின் வேகம் கட்டத்தின் அளவிலேயே இருக்கிறது.

விளக்க முடியாத விசித்திரம் பிடிக்குமென்றால் ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்'. பூனை எலியை நேசிக்கிறது, எலி செங்கல்லை எறிகிறது, பூனை அதை அன்பென்று எடுத்துக்கொள்கிறது, போலீஸ்கார நாய் எலியை உள்ளே தள்ளுகிறது. 1913 முதல் 1944 வரை இதே நான்கு வரிதான் கதை. பின்னணியில் நிற்கும் பாறை அடுத்த கட்டத்தில் மரமாகியிருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். ஹெர்ஸ்ட்டுக்குப் பிடித்திருந்ததால் மட்டுமே நீடித்த ஸ்ட்ரிப் இது.

சாகசம் என்றால் மூன்று வேறு வழிகள் உண்டு. ஹால் ஃபாஸ்டர் ('டார்ஜான்', பிறகு 1937 முதல் 'பிரின்ஸ் வேலியன்ட்') பேச்சு பலூனே இல்லாமல் ஓவியத்துக்கு அடியில் வசனம் எழுதுகிறவர். அலெக்ஸ் ரேமண்ட் 1934 ஜனவரி 7ல் 'ஃப்ளாஷ் கார்டன்' தொடங்கினார், உலர்ந்த தூரிகைக் கோடுகளில் தசையும் துணியும் மின்னும். மில்டன் கேனிஃப் அதே ஆண்டு அக்டோபர் 22ல் 'டெர்ரி அண்ட் தி பைரட்ஸ்' தொடங்கினார், முதல் சில மாதங்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். பக்கத்து மேஜைக்காரர் நோயல் சிக்கில்ஸ் 'ஸ்கார்ச்சி ஸ்மித்'தில் கோட்டைக் குறைத்துக் கறுப்புத் திட்டுகளால் நிழல் போடும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். கேனிஃப் அதைப் பிடித்துக்கொண்டதும் டெர்ரியின் முகமே மாறிவிட்டது. இருவரின் 1934–36 ஸ்ட்ரிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் ஆண்டு ஓவியப் பாடத்துக்குச் சமம்.

குடும்பக் கதை வேண்டுமென்றால் ஃப்ராங்க் கிங்கின் 'கேசலைன் ஆலி'. 1921 பிப்ரவரி 14 அன்று வாசலில் கிடந்த குழந்தை ஸ்கீஸிக்ஸ், வாசகர்களோடு சேர்ந்து வளர்ந்து இரண்டாம் உலகப் போருக்கும் போய்வந்தான்.

ஒரே ஞாயிறு பக்கம் இரண்டு இடங்களில் இரண்டு மாதிரி இருக்கிறதே, எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே அசல்தான், ஆனால் ஒன்றுதான் முழுமையானது. 1930களில் ஒரு ஞாயிறு ஸ்ட்ரிப் நாளிதழின் முழுப் பக்கத்தை, ஏறக்குறைய 16க்கு 22 அங்குலம், எடுத்துக்கொள்ளும். இடமில்லாத நாளிதழுக்கு அரைப்பக்க வடிவம், சிறிய தாளில் அச்சிடும் நாளிதழுக்கு டேப்ளாய்டு வடிவம், பின்னாளில் மூன்றில் ஒரு பங்கு வடிவம் என்று சிண்டிகேட் பிரித்துக் கொடுத்தது. வடிவம் மாறும்போது கட்டங்களை இடம் மாற்றுவார்கள், ஓரத்தை வெட்டுவார்கள், சிலவற்றைத் தூக்கியே விடுவார்கள். இதனால்தான் ஓவியர்கள் எடுத்துவிட்டாலும் கதை கெடாத 'விடுகட்டம்' ஒன்றை வேண்டுமென்றே வரைந்தார்கள். முதல் வரிசையில் தலைப்போடு ஒரு சிறு நகைச்சுவை, அதற்கும் கீழே நடப்பதற்கும் தொடர்பே இல்லை என்றால் அதுதான் விடுகட்டம்.

தோராயமான விதி இது. 1930களுக்கு முழுப்பக்கத்தைத் தேடுங்கள். 1950களுக்குப் பிறகு பல ஸ்ட்ரிப்புகளுக்கு அரைப்பக்கமே முழுமையான வடிவம், மூன்றில் ஒரு பங்கு வடிவத்தில் கட்டங்கள் குறையும். போர்க்காலத் தாள் தட்டுப்பாடு இதை வேகப்படுத்தியது. ஃபாஸ்டர் 1944–45ல் 'பிரின்ஸ் வேலியன்ட்' பக்கத்தின் அடியில் 'மெடீவல் காஸில்' என்று ஒரு தனி வரிசை வரைந்தார். இடமில்லாத நாளிதழ் அதை மட்டும் வெட்டிக்கொள்ளட்டும், தன் முக்கியக் கதையில் கை வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

தினசரி ஸ்ட்ரிப்பிலும் அளவு மாறும். சிண்டிகேட் காகிதக்கூழ் அச்சுகளைத் தபாலில் அனுப்பும். நாளிதழ்க்காரர் அதில் ஈயக்கலவையை ஊற்றித் தகடு வார்ப்பார். அந்த அச்சு காயும்போது சுருங்கும், ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில். இரண்டு நாளிதழ்களிலிருந்து எடுத்த ஒரே ஸ்ட்ரிப்பை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்கேனரைத் திட்ட வேண்டாம்.

டாப்பர் என்றால் என்ன?

முக்கிய ஸ்ட்ரிப்புக்கு மேலேயோ கீழேயோ அதே ஓவியர் வரையும் துணை ஸ்ட்ரிப். 'ஃப்ளாஷ் கார்டனு'க்கு 'ஜங்கிள் ஜிம்' டாப்பர். பழைய மறுபதிப்புகள் பலவற்றில் இவற்றைக் கழித்துவிட்டார்கள். ரேமண்டின் பக்க அமைப்பு இரண்டையும் சேர்த்து யோசித்தது என்பதால், டாப்பர் இல்லாத பக்கம் தலை வெட்டிய படம் மாதிரி இருக்கும்.

கையெழுத்து ஒருவருடையது, வரைந்தது இன்னொருவரா?

அடிக்கடி. வாரத்துக்கு ஆறு தினசரியும் ஒரு ஞாயிறு பக்கமும் ஒருவர் தனியாக ஆண்டுக்கணக்கில் வரைவது கடினம். உதவியாளர்கள் பென்சில் போட்டார்கள், பின்னணி வரைந்தார்கள், எழுத்து எழுதினார்கள், சில வேளை முழுவதையும் வரைந்தார்கள். பெயர் மட்டும் மாறாது. 'மட் அண்ட் ஜெஃப்' 1907ல் பட் ஃபிஷர் தொடங்கியது. 1930களிலிருந்து அல் ஸ்மித் வரைந்தார், ஆனால் 1954ல் ஃபிஷர் இறக்கும்வரை ஃபிஷரின் கையெழுத்தே வந்தது. பேட்மேனில் பாப் கேன் பெயர் மட்டும் இருந்தது. உடனிருந்து உருவாக்கிய பில் ஃபிங்கருக்கு அதிகாரபூர்வமான பெயர் 2015ல்தான் கிடைத்தது. மாயாவியை 1936ல் தொடங்கிய ஓவியர் ரே மூர். அவருக்கு உதவியாளராக இருந்த வில்சன் மெக்காய் படிப்படியாக உள்ளே வந்தார். மூரின் மெல்லிய நிழல் கோடுகள் எங்கே முடிந்து மெக்காயின் தடித்த, எளிய கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடுவது ரசிகர்களுக்குப் பழைய விளையாட்டு.

கையைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்தை எல்லோரும் கவனமாக நகல் எடுப்பார்கள். கவனமில்லாத இடங்களில்தான் ஆள் மாட்டுவார்: காது மடல், கைவிரல் மடிப்பு, துணிச் சுருக்கம், மரப்பட்டை, கார் சக்கரம், தொலைவில் நிற்கும் கூட்டம். ஒருவர் உறுதியாக வரைந்தது என்று தெரிந்த 10 ஸ்ட்ரிப்புகளை எடுத்து இந்த இடங்களைத் தனியாக வெட்டி ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரியதை அதனருகில் வையுங்கள். வசன எழுத்தைத் தனியாகப் பாருங்கள். எழுத்து மாறியதால் ஓவியர் மாறிவிட்டார் என்று முடிவுகட்டுவதுதான் இங்கே நடக்கும் மிகச் சாதாரணத் தவறு. எழுத்துக்காரர் பெரும்பாலும் வேறு ஆள்.

பெயரே போடாத காமிக்ஸ் புத்தக ஓவியர்களை எப்படி அடையாளம் கண்டார்கள்?

வாசகர்களின் கண்ணால்தான். டிஸ்னி காமிக்ஸ் எல்லாவற்றிலும் வால்ட் டிஸ்னி பெயர்தான். ஆனால் வாத்துக் கதைகளில் ஒருவர் கை மட்டும் தனியாகத் தெரிந்ததால் ரசிகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்தார்கள். 1960 வாக்கில்தான் அவர் கார்ல் பார்க்ஸ் என்று தெரியவந்தது. அங்கிள் ஸ்க்ரூஜை 1947ல் உருவாக்கியவர் அவர்.

ஃப்ளெச்சர் ஹேங்ஸ் கதை இதற்கு நேரெதிர். 1939–41ல் 'ஸ்டார்டஸ்ட்', 'ஃபேன்டோமா' போன்றவற்றை எழுத்து, ஓவியம் எல்லாம் தானே செய்தார், சிலவற்றில் புனைபெயர்கள். பிறகு காணாமலே போனார். அவருடைய விறைத்த உடல்களும் வினோதத் தண்டனைகளும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மறுபதிப்பாகி ரசிகர்களைப் பிடித்தன.

அந்தக் காலப் பதிப்பகங்களுக்கு ஐஸ்னர்–ஐகர் போன்ற கூடங்கள் மொத்தமாகக் கதை செய்து கொடுத்தன. ஒருவர் பென்சில், ஒருவர் மை, ஒருவர் பின்னணி. அப்படிப்பட்ட பக்கத்தில் "இது லூ ஃபைன்" என்று ஒரே பெயரைச் சொல்வதைவிட "உருவங்கள் ஃபைன் கை" என்று சொல்வது நேர்மை. கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்னும் இணையப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அதை மதியுங்கள். யூகம் என்று அர்த்தம்.

வில் ஐஸ்னரின் 'தி ஸ்பிரிட்' இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 1940 ஜூன் 2 முதல் 1952 வரை ஞாயிறு நாளிதழோடு 16 பக்கக் காமிக்ஸ் புத்தகமாகவே வந்தது. 1942 முதல் 1945 வரை ஐஸ்னர் ராணுவத்தில் இருந்ததால் ஃபைனும் ஜாக் கோலும் வேறு சிலரும் வரைந்தார்கள். அவருடைய உச்சத்தைப் பார்க்க 1946க்குப் பிறகு வந்தவற்றை எடுங்கள்.

பெண் ஓவியர்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள், மறுபதிப்புகள்தான் அவர்களைத் தாமதமாகக் கண்டுகொண்டன. ரோஸ் ஓ'நீல், நெல் பிரிங்க்லி இருவரும் 1910களிலேயே புகழோடு இருந்தவர்கள். 'பிரெண்டா ஸ்டார்' (1940) வரைந்த டாலியா மெஸ்ஸிக், ஆண் என்று நினைக்கட்டும் என்றே பெயரை டேல் என்று மாற்றிக்கொண்டார். டார்ப்பே மில்ஸின் 'மிஸ் ஃப்யூரி' 1941 ஏப்ரலில் வந்தது. முகமூடிப் பெண் சாகசக்காரி, அவளை வரைந்தவரும் பெண்.

கறுப்பினச் செய்தித்தாள்கள் தனி உலகம். 'பிட்ஸ்பர்க் கூரியர்' வாரச் செய்தித்தாளில் ஜாக்கி ஆர்ம்ஸ் 1937ல் 'டார்ச்சி பிரவுன்' தொடங்கினார். பெரிய சிண்டிகேட்டுகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் இவர் பெயரே கிடைக்காது. அந்தச் செய்தித்தாள்களைத் தனியாகத் தேட வேண்டும்.

இத்தனை பக்கங்கள் எப்படித் தப்பிப் பிழைத்தன?

பெரும்பாலும் பிழைக்கவில்லை. நூலகங்கள் நாளிதழ்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு, பைண்டு செய்த மூலத் தொகுதிகளைக் கழித்துக்கட்டின. பில் பிளாக்பியர்ட் என்பவர் 1960களின் பிற்பாதியில் சான் ஃபிரான்சிஸ்கோ அகாடமி ஆஃப் காமிக் ஆர்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, தூக்கியெறியப்பட இருந்த தொகுதிகளை வாங்கி வீடு முழுக்க அடுக்கி, ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகக் கத்தரித்து வரிசைப்படுத்தினார். 1990களின் இறுதியில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதைப் பெற்றுக்கொண்டபோது எடை 75 டன், ஏற்றிச் செல்ல ஆறு பெரிய லாரிகள். இன்று கொலம்பஸில் உள்ள பில்லி அயர்லாண்ட் கார்ட்டூன் நூலகத்தில் அது இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் வந்த மறுபதிப்புகளில் கணிசமானவை அந்தக் கத்தரிப்புகளிலிருந்து எடுத்தவை.

இணையத்தில் இலவசமாக எங்கே பார்க்கலாம்?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரோனிக்லிங் அமெரிக்கா' தொகுப்பில் நாளிதழ்கள் முழுப்பக்கமாக இருக்கின்றன. பதிப்புரிமை இல்லாத காமிக்ஸ் புத்தகங்களுக்கு டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ்.

நாளிதழ்த் தொகுப்பில் தேடும் முறைதான் பலரைக் கவிழ்க்கிறது. பாத்திரத்தின் வசனத்தையோ பெயரையோ தேடல் பெட்டியில் போட்டால் பெரும்பாலும் எதுவும் வராது. கணினி அச்செழுத்தைப் படிக்கிறது, கையால் எழுதிய பலூனைப் படிப்பதில்லை. எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த ஸ்ட்ரிப் எந்த சிண்டிகேட் என்று பாருங்கள். கிங் ஃபீச்சர்ஸ் என்றால் ஹெர்ஸ்ட் நாளிதழ்கள் உறுதி, சிகாகோ ட்ரிப்யூன் சிண்டிகேட் என்றால் அந்த நாளிதழும் 'நியூயார்க் டெய்லி நியூஸ்'ஸும். பிறகு உங்களுக்குத் திறந்திருக்கும் தொகுப்பில் எந்த நாளிதழ் அதை வாங்கியிருந்தது என்று ஒரு தேதியை மட்டும் வைத்துச் சோதியுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுவது நல்லது, காமிக்ஸும் சிறு விளம்பரங்களும் அங்கேதான் இருக்கும். ஒரு முறை பக்க எண் பிடிபட்டால் அந்த மாதம் முழுக்க ஏறக்குறைய அதே இடம்தான். ஞாயிறு இணைப்பு பல தொகுப்புகளில் தனிப் பிரிவாகக் கடைசியில் இருக்கும், சிலவற்றில் படம் எடுக்கும்போதே விட்டிருப்பார்கள்.

மைக்ரோஃபிலிம் பிரதியில் ஞாயிறு பக்கம் ஏன் கரிக்கட்டையாக இருக்கிறது?

அந்த ஃபிலிம் கறுப்பு வெள்ளை, அதுவும் அச்செழுத்து தெளிவாக வருவதற்காக அதிக கான்ட்ராஸ்ட்டில் எடுத்தது. சிவப்பும் அடர்நீலமும் கறுப்பாகிவிடும், வெளிர்மஞ்சள் காணாமல் போகும். நிறத்தைக் காட்டும் சிறு அச்சுப் புள்ளிகள் (பென் டே புள்ளிகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, தகவலே பதிவாகவில்லை. தேதியையும் கட்டங்களின் எண்ணிக்கையையும் சரிபார்க்க மைக்ரோஃபிலிம் போதும். ஓவியத்தைப் பற்றி அதை வைத்துப் பேசக்கூடாது.

எந்த ஸ்ட்ரிப்புகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது?

அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்தில் வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1929ல் வந்தவை 2025 ஜனவரி 1 அன்று விடுபட்டன. 1929 ஜனவரி 17ல் 'திம்பிள் தியேட்டரி'ல் அறிமுகமான பாப்பாயும் அப்படித்தான். 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பிக்காதவை அப்போதே விடுபட்டன. மூடிப்போன பல காமிக்ஸ் பதிப்பகங்களின் இதழ்கள் இன்று இலவசமாகக் கிடைப்பது இதனால்தான்.

விடுபட்டது அந்த ஆண்டின் ஸ்ட்ரிப் மட்டும், பிற்காலத்தில் பாத்திரத்தோடு சேர்ந்தவை அல்ல. வணிகமுத்திரை உரிமை தனி. ஓவியர் இறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடும் நாடுகளில் விடை மாறும்.

மறுபதிப்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். எதிலிருந்து எடுத்தார்கள்: தினசரிக்கு சிண்டிகேட் ப்ரூஃப் சிறந்தது, ஏனென்றால் அது நல்ல தாளில் தெளிவாக அடித்தது. அடுத்து நாளிதழ்க் கத்தரிப்பு, கடைசியில் மைக்ரோஃபிலிம். இரண்டாவது, தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா. "சிறந்த கதைகள்" என்று போட்டிருந்தால் இடையில் விட்டிருப்பார்கள். மூன்றாவது, கட்டங்களை மறுபடி அடுக்கியிருக்கிறார்களா. கையடக்கப் பதிப்புகளில் நான்கு கட்ட வரிசையை உடைத்து மேலும் கீழுமாக அடுக்குவார்கள், இடத்தை நிரப்பப் படத்தை நீட்டி வரைவார்கள், முந்தைய நாளைச் சுருக்கிச் சொல்லும் முதல் கட்டத்தைத் தூக்கிவிடுவார்கள். கதை ஓடும், ஓவியரின் பக்கக் கணக்கு போய்விடும்.

அளவும் முக்கியம். மெக்கேயை மூல அளவுக்கு நெருக்கமாக, 16க்கு 21 அங்குலத்தில், சண்டே பிரஸ் 2005ல் வெளியிட்டபோதுதான் பலர் அந்தக் குட்டி எழுத்துகளைச் சிரமமில்லாமல் படித்தார்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் சிறிய புத்தகத்தைவிடப் பெரிய திரையில் நல்ல ஸ்கேன் மேல்.

பழைய பக்கம் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பிப் பாருங்கள். அசல் ஞாயிறு பக்கத்தின் பின்புறம் இன்னொரு ஸ்ட்ரிப்போ விளம்பரமோ இருக்கும். பின்புறம் வெறுமையாக இருந்தால் அது ப்ரூஃப் அல்லது பிற்கால நகல். 10 மடங்கு உருப்பெருக்கியில் வண்ணத்தைப் பாருங்கள். பழைய அச்சில் ஒழுங்கான, பெரிய புள்ளி வரிசைகள் தெரியும். புகைப்பட நகலில் அந்தப் பழைய புள்ளிகளே இன்னும் சிறிய பூப்போன்ற புள்ளிக்கூட்டத்தால் ஆகியிருக்கும். தாளின் பழுப்பு ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருப்பது இயல்பு. முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் தேநீர் குடித்த தாளோ என்று சந்தேகப்படலாம்.

புத்தகங்களில் அளவுகோலை எடுங்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை 1974ல் டி.சி. பெரிய அளவில் (10க்கு 13½ அங்குலம்) மறுபதிப்பு செய்தது. வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அசல் மாதிரியே அட்டை இருக்கும். அசல் இதழின் அகலம் 8 அங்குலத்தைத் தாண்டாது.

வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது?

நாளிதழ்த் தாள் மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்காமல் செய்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், உள்ளே அமிலம் உண்டாகி நார்கள் உடையும். இதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

படுக்கை வசத்தில், முழுப் பக்கத்தையும் மடிக்காமல் ஏற்கும் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் பாலியெஸ்டர் உறையில், பின்னால் காரச் சேர்க்கை கொண்ட அமிலமற்ற அட்டையோடு இருக்கட்டும். பி.வி.சி. உறை கூடாது, அதிலிருந்து கசியும் பொருள் மையோடு ஒட்டும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. இரண்டும் ஏறி இறங்குவது, சற்று அதிகமாக நிலையாக இருப்பதைவிடக் கெடுதல்.

செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுப் பசையும், பின்பக்கத்தில். பசை கெட்டியாகவும் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும், நீர்த்துப்போனால் ஈரத்தின் விளிம்பில் கறைக்கோடு விழும். பூச்சி இருந்தால் காற்றுப்புகாத பையில் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் தாள்மேல் தண்ணீர் கோர்க்கும்.

பைண்டு தொகுதி முறுமுறுவென்று ஒடிகிறது என்றால் விரிக்கவே கூடாது. 90 டிகிரிக்கு மேல் திறக்காமல் மேலிருந்து கேமராவில் எடுப்பதுதான் வழி.

ஸ்கேன் செய்ய என்ன அமைப்பு?

தினசரிக்கு 600 டிபிஐ, வண்ணப் பக்கத்துக்கு 400. கறுப்பு வெள்ளை ஸ்ட்ரிப்பையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், இதுதான் பலர் தவறவிடும் இடம். தாளின் மஞ்சள், நீல சேனலில் கறுத்தும் சிவப்பு சேனலில் ஏறக்குறைய வெள்ளையாகவும் தெரியும். சிவப்பு சேனலை மட்டும் எடுத்தால் பழுப்பில் பெரும்பகுதி தானாகவே போய்விடும், கோடு அப்படியே நிற்கும்.

பின்பக்க அச்சு தெரிகிறதென்றால் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். வெள்ளை மூடி ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கம் தெரிகிறது. ஸ்கேனரின் தானியங்கி கூர்மை, தானியங்கி வண்ணத் திருத்தம் எல்லாவற்றையும் அணையுங்கள். முழுப் பக்கம் சிறிய ஸ்கேனரில் அடங்காது. துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும், எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். தாளைத் திருப்பி வைத்தால் ஒளி விழும் பக்கம் மாறி, மடிப்பு நிழல்கள் பொருந்தாது.

16க்கு 22 அங்குலப் பக்கம் 400 டிபிஐயில் 6400க்கு 8800 புள்ளி, சுருக்காத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 169 எம்.பி. மூலத்தை டிஃப்பாகவே வைத்திருங்கள், பகிர ஜேபெக். கோப்புப் பெயரில் ஸ்ட்ரிப் பெயர், பிறகு ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை. நாள் முதலில் வந்தால் ஜனவரி 1களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

வண்ணத்தைப் பளிச்சென்று புதுப்பிக்கலாமா?

மஞ்சளைக் கொஞ்சம் இறக்குங்கள், முழு வெள்ளையாக்காதீர்கள். அந்த வண்ணங்கள் பழுப்பு கலந்த தாளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓவியர் நீர்வண்ணத்தில் ஒரு வழிகாட்டி கொடுப்பார், செதுக்குபவர்கள் அதைச் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகளாக மாற்றுவார்கள். சுத்த வெள்ளையில் அதே நிறம் கண்ணைக் குத்தும். புள்ளிகளை நீக்கி கணினியில் தட்டையாக நிறம் அடிப்பது புதிய புத்தகம் தயாரிப்பது, மீட்பு அல்ல.

தினசரி ஸ்ட்ரிப்பை எவ்வளவு வேகத்தில் படிப்பது?

ஒரு அமர்வில் ஒரு மாதம், அதாவது 26 ஸ்ட்ரிப் வரை. அதற்கு மேல் போனால் முதல் கட்டத்தில் வரும் "முன்கதை" எரிச்சலூட்டத் தொடங்கும். ஞாயிறும் தினசரியும் ஒரே கதையா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாயாவியில் இரண்டும் தனித்தனிக் கதைகள். 'டெர்ரி'யில் முதலில் தனி, 1936ல் ஒன்றாயின.

இனவாதச் சித்திரிப்புகளை என்ன செய்வது?

இருக்கின்றன, பெரியவர்களிடமும் இருக்கின்றன. மெக்கேயின் இம்ப், ஐஸ்னரின் எபனி, கேனிஃபின் கானி எல்லாம் தடித்த கேலிச்சித்திரங்கள். வெட்டிவிட்டு வெளியிடும் பதிப்புகள் உண்டு. அவற்றை ஆய்வுக்கு நம்ப வேண்டாம். சிறுவர்களுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

தேதி இல்லாத கத்தரிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கட்டங்களுக்கு இடையிலோ கடைசிக் கட்டத்தின் மூலையிலோ "3-14" போல ஒரு எண் இருக்கும். முதலில் மாதம், பிறகு நாள். அருகில் பதிப்புரிமை வரியில் ஆண்டு இருந்தால் வேலை முடிந்தது. அது வெட்டுப்பட்டிருந்தால் பின்பக்கத்தில் கிழமை ஏதாவது அகப்படுகிறதா பாருங்கள், "இன்றிரவு செவ்வாய்" என்பது போன்ற ஒரு திரையரங்க விளம்பரம் போதும். மார்ச் 14 செவ்வாய்க்கிழமையாக வந்தது 1933, 1939, 1944, 1950 ஆகிய ஆண்டுகளில் மட்டும் (அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள்). வேறு மாதத்துக் கத்தரிப்பின் விளம்பரத்தில் நீலக் கழுகுச் சின்னம் (அன்றைய அரசின் தொழில் மீட்புத் திட்ட முத்திரை) இருந்தால் 1933 கோடைக்கும் 1935க்கும் இடையில். மேலே சொன்ன நான்கு ஆண்டுகளில், போர்ப் பத்திரம் வாங்கச் சொன்னால் 1944. நகரப் பெயருக்குப் பின் ஓரிரு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் 1943க்குப் பிந்தையது. நாளிதழ் ஒரு நாள் தாமதமாகப் போட்டிருக்கலாம் என்பதால் கிழமை ஒன்று தள்ளிப் போனாலும் அந்த ஆண்டை உடனே கழித்துவிடாதீர்கள், அடுத்த நாள் கத்தரிப்பு கிடைத்தால் அதோடு சேர்த்துச் சரிபாருங்கள்.